கசெற்றில் பாடிய பெயர் தெரியாத பெண்: நாட்டார் பாடல், ஜாஸ், மெல்லிசை பாடிய பெண்களை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

கொக்குவில் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக மனத்தில் கிடந்த ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த நாட்களில், எங்கள் வீட்டு விறாந்தையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசெற் றெக்கோடரை இயக்குவோம். கொழும்பில் வேலை பார்த்த சித்தப்பா பதிந்து கொண்டுவந்த கசெற் ஒன்றின் அட்டையில் 'இங்கிலிஷ் பாட்டு' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதில் ஒரு பெண் பாடினார். அறைக்குள் ஒருவர் உறங்கிக்கொண்டிருக்க, அவரை எழுப்பிவிடாமல் பக்கத்திலிருப்பவரிடம் பேசுவது போன்ற தாழ்ந்த குரல் அது. பின்னால் ஒரு கிற்றாரும், ஆழமாக ஒலிக்கும் ஒரு பெரிய தந்தி வாத்தியமும் மட்டுமே இருந்தன. மேளம் எதுவும் இருக்கவில்லை. பெடல் சுற்றும் என் கை களைக்கும்போது அவருடைய குரலும் தாழும், மீண்டும் வேகமெடுத்தால் குரலும் மேலேறும். ஆகையால் அவர் உண்மையில் எந்தச் சுருதியில் பாடினார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் நாங்கள் சாவகச்சேரிக்குப் போனபோது அந்தக் கசெற் வீட்டிலேயே தங்கிவிட்டது. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவுகளே இருக்கவில்லை.

இப்போது கைத்தொலைபேசிக்குள் உலகத்துப் பாட்டெல்லாம் கிடக்கிறது. ஆனாலும் பெண் பாடகர்கள் என்று தேடினால் அதே பத்துப் பாட்டுகளையே அது திரும்பத் திரும்பத் தருகிறது. நாட்டார் பாடலிலும் ஜாஸிலும் மெல்லிசையிலும் பாடிய பெண்களை ஒழுங்காகக் கேட்டறிய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். அந்தக் கசெற்றில் பாடியவர் யாராக இருக்கலாம் என்று ஒருவர் ஊகித்துச் சொன்னாலும் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பண்ணைக்காற்று எழுதியது:

வணக்கம் அக்கா. நீங்கள் சொன்ன அடையாளங்கள் எனக்கு ஒருவரையே நினைவூட்டுகின்றன. ஜூலி லண்டன் என்ற அமெரிக்கப் பாடகி 1955இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் பார்னி கெசல் கிற்றாரும் ரே லெதர்வுட் டபிள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியமும் வாசித்தார்கள்; அவர்களைத் தவிர வேறு வாத்தியக்காரர் இல்லை. அதன் முதற் பாட்டு 'க்ரை மீ எ ரிவர்'. இன்றிரவு வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு அதைக் கேட்டுவிட்டு, அதுதானா என்று எழுதுங்கள்.

அந்தக் குரல் ஏன் அவ்வளவு தாழ்ந்து ஒலிக்கிறது என்பதை அறிந்தால் உங்கள் தேடலுக்கே ஒரு வழி கிடைக்கும். அமெரிக்க ப்ளூஸ் பாடகி பெஸி ஸ்மித் 1923இல் முதன்முதலாகப் பாடிப் பதிந்தபோது ஒலிவாங்கி கிடையாது. ஒரு பெரிய கூம்பின் வாயை நோக்கி உரத்துப் பாட வேண்டும், குரலின் வலிமையே ஊசியை அசைத்துத் தட்டில் பள்ளம் கீறும். கூடாரக் கொட்டகைகளில் ஆயிரம் பேருக்குப் பாடிப் பழகிய அவருக்கு அது இயன்றது. 1925இல் மின்வழி ஒலிப்பதிவு வந்த பிறகுதான், மூச்சு விடும் ஓசை கூடக் கேட்கும்படி மெல்லப் பாடுவது சாத்தியமாயிற்று. எங்கள் பக்கத்திலும் இதே கதைதான். கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டப் பாடிய தலைமுறையைச் சேர்ந்தவர். நாடக நடிகர் கிட்டப்பாவை அவர் சந்தித்ததே இலங்கையில் நாடகம் ஆட வந்தபோதுதான். 1972இல் வி. குமாரின் இசையில் எல். ஆர். ஈஸ்வரி 'காதோடுதான் நான் பாடுவேன்' என்று பாடியபோது, அந்தப் பாட்டின் முதல் அடியே ஒலிவாங்கியின் பயனைச் சொல்லிவிடுகிறது. ஜூலி லண்டனைக் கேட்டுவிட்டு உடனே அந்தப் பாட்டைக் கேளுங்கள். இரண்டு பெண்களும் ஒரே கருவியின் முன்னால் ஒரே உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

தேடும் முறை பற்றிக் கேட்டீர்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நாதஸ்வரக் கச்சேரிக்குப் போகிறவர்கள் தவில் யார் என்று கேட்டுவிட்டுத்தானே போவார்கள்? ஜாஸிலும் அப்படியே பக்கவாத்தியக்காரரைப் பின்தொடருங்கள். ஜாஸ் பாடகி பில்லி ஹொலிடே 1930களின் நடுப்பகுதியிலிருந்து பியானோக் கலைஞர் டெடி வில்சனின் குழுவோடு பதிந்த பாட்டுகளில் பலவற்றில் லெஸ்ரர் யங் சாக்சபோன் வாசித்தார். அவர் வாசிப்பது பில்லிக்கு மறுமொழி சொல்வது போலவே இருக்கும். 'லேடி டே' என்று பில்லிக்குப் பெயர் வைத்தவரும் அவரே. லெஸ்ரர் வாசித்த கவுண்ட் பேஸி ஜாஸ் குழுவின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தக் குழுவோடு பாடிய வேறு பெண்கள் ஒவ்வொருவராக வருவார்கள். தொலைபேசி தானாக எடுத்துத் தரும் வரிசையைவிட இந்த வழி எனக்குப் பல மடங்கு பயன் தந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் பெருமையோடு சொல்லிவிடுகிறேன். கொழும்பில் பிறந்த யோலண்ட் பவான் 1962இல் அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற ஜாஸ் குரல் மூவரணியில் ஆனி ரொஸ்ஸின் இடத்துக்குச் சேர்ந்தார். வாத்தியக்காரர் தனியே வாசித்ததை ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு சொல் வைத்துப் பாடுவதே அந்த அணியின் முறை. 1963இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் அவர்கள் பாடியது தட்டாகவும் வந்தது. எங்கள் தீவில் பிறந்த ஒரு பெண் அந்த மேடையில் நின்றார் என்பதை எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

வடலி எழுதியது:

நான் மருதனார்மடத்தில் வாய்ப்பாட்டுப் படிப்பவள். கர்நாடக இசைக் காதோடு ஜாஸுக்குள் நுழைகிறவர்களுக்கு அமெரிக்கப் பாடகி எல்லா ஃபிற்ஸ்ஜெரால்டே நல்ல வாசல் என்பது என் கருத்து. 1960 பெப்ரவரியில் பேர்லினில் நடந்த கச்சேரியில் ஒரு பாட்டின் நடுவே சொற்கள் மறந்துபோக, அவர் நிறுத்தாமல் தாளத்தை விடாமல் அந்த இடத்திலேயே புதிய சொற்களைக் கட்டிப் பாடி முடித்தார். சொற்கள் மறந்துவிட்டன என்பதையும் பாட்டாகவே பாடினார். அதற்கு அவருக்குக் கிராமி விருதும் கிடைத்தது. சொற்களை விட்டு வெறும் ஓசைகளால் அவர் விரித்துப் பாடும் 'ஸ்கற்' முறையை நாங்கள் கற்பனை ஸ்வரம் என்றே முதலில் எண்ணுவோம். ஆனால் நாங்கள் ஸ்வரம் பாடும்போது 'ஸ ரி க ம' என்று சுரத்தின் பெயரைச் சொல்லிப் பாடுகிறோம், ராகத்தின் எல்லையையும் தாண்டுவதில்லை. அவர் சுரத்தின் பெயரைச் சொல்வதில்லை. சாக்சபோனும் ட்ரம்பெற்றும் எழுப்பும் ஒலியைத் தம் வாயால் எழுப்புகிறார், பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கும் பியானோவின் சுரக்கூட்டங்களுக்கு ஏற்ப இடம் மாறுகிறார். இதை எனக்கு விளங்கிக்கொள்ள ஒரு வருடம் பிடித்தது.

பில்லி ஹொலிடே வேறு வகை. எங்கள் தாளத்தில் சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்கும் இடத்துக்கு, பின்னால் எடுப்பதை அனாகதம் என்போம். எத்தனை அட்சரம் தள்ளி எடுக்கிறோம் என்பது கணக்கோடு இருக்கும். பில்லியும் தாள அடிக்குப் பின்னால்தான் வருவார். ஆனால் எவ்வளவு பின்னால் என்பதை அந்தச் சொல்லின் பொருளே தீர்மானிக்கிறது. 'போய்விட்டான்' என்ற பொருளில் ஒரு சொல் வந்தால் அது மனமில்லாமல் கடைசியில் வந்து சேரும். இதைப் போட்டுக் காட்டியபோது என் ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை கேட்டார்.

அண்ணை, நீங்கள் நீனா சிமோனைச் சொல்லவே இல்லை. அவர் மேற்கத்தைய செவ்வியல் பியானோக் கலைஞராக வர விரும்பியவர். 1954இல் அற்லான்ரிக் சிற்றியில் ஒரு விடுதியில் பியானோ வாசிக்கச் சேர்ந்தபோது, பாடினால்தான் வேலை என்று சொன்னதால் பாடத் தொடங்கினார். அவருடைய முதல் தட்டிலேயே ஒரு காதற் பாட்டின் நடுவில் செவ்வியல் இசையமைப்பாளர் பாக் எழுதியது போன்ற பியானோப் பகுதி ஒன்று வரும். விருப்பமில்லாமல் தொடங்கிய ஒரு காரியத்தில் தன் முழுக் கல்வியையும் அவர் கொண்டுவந்து வைத்ததை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

கொக்குவில் வாசகி எழுதியது:

அவரேதான். நேற்றிரவு பதினொரு மணிக்குக் கேட்டேன். முதல் அடி முடியுமுன்னரே என் வலது கை பெடல் சுற்றுவது போலத் தானாக அசைந்தது. முப்பது வருடங்களாகப் பெயரில்லாமல் இருந்தவருக்கு இப்போது பெயர் இருக்கிறது. தம்பி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? நான் நினைத்திருந்ததைவிட அவருடைய சுருதி சற்று உயரமாக இருக்கிறது. என் கை அந்நாளில் மெதுவாகத்தான் சுற்றியிருக்கிறது.

சுன்னாகம் வாசகர் எழுதியது:

ஜாஸையும் நாட்டார் பாடலையும் ஒன்றாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடு உண்டு, ஏனெனில் இரண்டும் வாழ்க்கையின் வலியிலிருந்து பிறந்தவை. ஆனால் மெல்லிசையை இவற்றோடு சேர்ப்பது பொருந்துமா என்று யோசிக்க வேண்டும். கடையிலும் மின்தூக்கியிலும் பின்னணியாக ஒலிப்பதற்காகச் செய்யப்பட்ட இசையை, கவனித்துக் கேட்க வேண்டிய இசையோடு ஒரே வரிசையில் வைத்தால் கேட்கத் தொடங்குகிறவர்களுக்குத் தரம் பிரித்தறிவது கடினமாகிவிடும் என்பது என் தாழ்மையான கருத்து.

பண்ணைக்காற்று எழுதியது:

ஐயா, உங்கள் கவலையை மதிக்கிறேன், ஆனால் மறுக்கிறேன். அமெரிக்கப் பாடகி கரென் கார்பென்ரரைக் கவனித்துக் கேட்டிருக்கிறீர்களா? அவர் முதலில் ட்ரம்ஸ் வாசித்தவர். தாளம் உடம்பில் ஊறியவர் என்பதால்தான் அவ்வளவு ஆறுதலாகப் பாடினாலும் ஒரு சொல்லும் தளர்ந்து விழுவதில்லை. அண்ணன் ரிச்சர்ட் அமைத்த இசையில் அவருடைய குரலே பல அடுக்குகளாகப் பதியப்பட்டு அவருக்கே பக்கக் குரலாக நிற்கும். 1983இல் 32 வயதில் உணவை மறுக்கும் நோயின் பாதிப்பால் அவர் இறந்தார். அந்தத் தாழ்ந்த குரலுக்குள் இருந்ததை இலேசான இசை என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

மேலும் மெல்லிசை என்ற சொல்லுக்கு எங்கள் நாட்டில் ஒரு தனி வரலாறே உண்டு. இலங்கை வானொலி திரைப்படத்தைச் சாராத ஈழத்து மெல்லிசைப் பாடல்களை உருவாக்கி ஒலிபரப்பியது. பார்வதி சிவபாதம், முல்லைச் சகோதரிகள் போன்றோரின் குரல்களை எங்கள் தாய்மார் அடுப்படியில் நின்று கேட்டார்கள். வேலை செய்துகொண்டே கேட்டார்கள் என்பதற்காக அவர்கள் கவனியாமல் கேட்டார்கள் என்று சொல்ல முடியுமா?

இன்னொரு செய்தியும் உண்டு. 1963 மார்ச்சில் நியூயோர்க்கில் அமெரிக்கச் சாக்சபோன் கலைஞர் ஸ்ரான் கெற்சும் பிரேசில் பாடகர் ஜோவோ ஜில்பேர்ட்டோவும் ஒலிப்பதிவு செய்தபோது, ஜோவோவின் மனைவி அஸ்ட்ருட், அதுவரை தொழில்முறையில் பாடியிராதவர், இபனேமாக் கடற்கரைப் பெண்ணைப் பற்றிய பாட்டின் ஆங்கில அடிகளைப் பாடினார். அலங்காரம் எதுவும் இல்லாத அந்தக் குரல்தான் அந்தப் பாட்டை உலகெங்கும் கொண்டுபோனது. தட்டின் தலைப்பிலோ இரண்டு ஆண்களின் பெயர்களே இருந்தன. வாசகி அக்காவின் கசெற் அட்டையைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

தீவகத்தான் எழுதியது:

நாட்டார் பாடலைப் பற்றி இன்னும் ஒருவரும் விரிவாக எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

எலிசபெத் கொற்றன் அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த கறுப்பினப் பெண். சிறுமியாக இருந்தபோதே சரக்கு ரயிலைப் பற்றி ஒரு பாட்டைக் கட்டினார். பிறகு பல பத்தாண்டுகள் கிற்றாரைத் தொடாமல் வீட்டுவேலை செய்து வாழ்ந்தார். ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தபோது, வழிதவறி நின்ற ஒரு குழந்தையைத் தாயிடம் சேர்த்தார். அந்தத் தாய் இசையமைப்பாளர் ரூத் க்ரோபோர்ட் சீகர். அவர்களுடைய வீட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சுவரில் தொங்கிய கிற்றாரை ஒருநாள் எடுத்து வாசித்தபோதுதான், தங்களுக்குச் சமைத்துப் போட்டவர் யார் என்று அந்த வீட்டார் அறிந்தார்கள். அவர் இடக்கைக்காரர். வலக்கைக்காரருக்கான கிற்றாரைத் தந்திகளை மாற்றாமல் திருப்பிப் பிடித்ததால், மற்றவர்கள் பெருவிரலால் மீட்டும் கீழ்ச்சுரங்களை அவர் விரல்களாலும், மெட்டைப் பெருவிரலாலும் மீட்டினார். அந்த நாதம் வேறெவரிடமும் இல்லை. 1958இல் முதல் தட்டு வந்தது. 1985இல், தொண்ணூறு வயதளவில், கிராமி விருது பெற்றார்.

வீட்டிலிருந்த ஒரு குரலை வீட்டாரே அறியாதிருந்த கதை எங்கள் ஊருக்குப் புதிதா? தாலாட்டையும் ஒப்பாரியையும் காத்து வந்தவர்கள் எங்கள் பெண்கள். வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் போன்றோர் ஊரூராகத் திரட்டி அச்சேற்றியதால் சொற்கள் ஓரளவு தப்பின. ஆனால் எந்த அடியில் பாட்டி மூச்சு வாங்கினார், எங்கே குரல் உடைந்தது என்பதை அச்சு எப்படிக் காட்டும்? தமிழகத்தில் கொல்லங்குடி கருப்பாயியின் குரல் வானொலியிலும் பின்னர் திரையிலும் பதிவானதால் இன்றும் கேட்க முடிகிறது. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் திரட்டித் தாமே பாடியும் வைத்திருக்கிறார்.

இங்கிலாந்தின் நாட்டார் பாடகி ஷேர்லி கொலின்ஸ் 1959இல் பாடல் திரட்டாளர் அலன் லோமாக்ஸோடு அமெரிக்கத் தென்மாநிலங்களுக்குப் போய் ஒலிப்பதிவு செய்தவர். பிற்காலத்தில் அவருக்குப் பாடும் குரலே இல்லாமற் போயிற்று. 38 ஆண்டுகளுக்குப் பிறகு, எண்பது வயதைக் கடந்து, 2016இல் ஒரு தட்டை வெளியிட்டார். இளமைக் குரலை எதிர்பார்த்துக் கேட்காதீர்கள். வெற்றிலை இடித்துக்கொண்டு கதை சொல்லும் ஓர் அப்பாச்சியின் முன்னால் இருப்பதாக நினைத்துக் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தார் ஒவ்வொருவரும் கேட்க வேண்டியவர் ஆபிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வேர்ட் தீவுகளின் செசாரியா எவோரா. மிந்தேலோத் துறைமுக மதுச்சாலைகளில் பல காலம் பாடி, ஐம்பது வயதை எட்டிய பிறகே, 1992இல் வந்த தட்டால் உலகம் அறிந்தவரானார். மேடையில் வெறுங்காலோடு நிற்பார். அவர் பாடிய 'மோர்னா', தீவை விட்டுக் கப்பலேறிப் போனவர்களை நினைத்து ஏங்கும் பாட்டு. அந்தத் தீவுக்காரரில் உள்ளூரில் இருப்பவர்களைவிடப் புலம்பெயர்ந்தவர்கள் அதிகம் என்பார்கள். மொழி ஒரு சொல்லும் விளங்காமலேயே என் தாயார் அதைக் கேட்டு, 'இவவின்ர பிள்ளையும் வெளியிலயோ?' என்று கேட்டார்.

வடலி எழுதியது:

செசாரியா எவோராவை இன்று காலை கேட்டேன். பாடி முடிக்கும் வரை குரலில் அவசரமே இல்லை.

பண்ணைக்காற்று அண்ணையிடம் ஒரு கருத்து வேறுபாடு உண்டு. வேறோர் இழையில் நீங்கள் பில்லி ஹொலிடே 1958இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டில், பெரிய தந்தி வாத்தியக் குழுவோடு பதிந்த தட்டையே அவருடைய உச்சம் என்று எழுதியிருந்தீர்கள். புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவருக்கு அதை முதலில் கொடுக்க வேண்டாம். அந்தக் குரல் சிதைந்த குரல். அது எதை இழந்திருக்கிறது என்று அறிய, இருபது வயதில் அவர் பாடியதை முதலில் அறிந்திருக்க வேண்டும்.

பண்ணைக்காற்று எழுதியது:

தங்கச்சி சொல்வது சரி. அந்தத் தட்டை நான் முதலில் கேட்டுவிட்டு மூன்று வருடம் பில்லியின் பக்கமே போகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாசகி அக்கா, 1930களிலிருந்தே தொடங்குங்கள். மெல்லிசைப் பக்கத்தில் அமெரிக்கப் பாடகி ஈவா கசிடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாஷிங்டனில் ஒரு சிறிய அரங்கில் 1996 ஜனவரியில் இரண்டு இரவுகள் பாடினார். முதலிரவுப் பதிவு பழுதாகிவிட, இரண்டாம் இரவுப் பதிவே தட்டாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் 33 வயதில் புற்றுநோயால் இறந்தார். பிரித்தானிய வானொலியில் அவருடைய பாட்டு ஒலித்த பிறகு, 2001இல் அவருடைய தொகுப்புத் தட்டு அங்கே விற்பனையில் முதலிடத்துக்கு வந்தபோது அவர் இல்லை. அந்த இரண்டாம் இரவும் பதியப்படாமல் போயிருந்தால் எவ்வளவு இழந்திருப்போம்!

கொக்குவில் வாசகி எழுதியது:

ஒரு வாரமாக நீங்கள் சொன்ன வரிசையிலேயே கேட்டுவருகிறேன். நேற்று எலிசபெத் கொற்றனைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த அம்மா தானும் முணுமுணுக்கத் தொடங்கினார். காரைநகரில் அம்மம்மா பாடிய தாலாட்டு அது. மாமன் கப்பலில் கொண்டுவரும் சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் போகும். நான் தொலைபேசியை மேசையில் வைத்துப் பதிந்தேன். கத்தி பலகையில் படும் ஓசையும் பதிந்திருக்கிறது, அதை நீக்கப் போவதில்லை. மூன்று கண்ணிகள் வந்தன. நான்காவது கண்ணியில் முத்து வரும் என்பது அம்மாவுக்கு நினைவிருக்கிறது, சொற்கள் நினைவில்லை. அந்த இடத்தில் அம்மா சொல்லில்லாமல் மெட்டை மட்டும் பாடி முடித்துவிட்டார். தீவுப்பகுதியில் யாருக்காவது அந்தக் கண்ணி தெரியுமா?

தீவகத்தான் எழுதியது:

நெடுந்தீவில் இருக்கும் என் பெரியம்மா கப்பல் மாமன் தாலாட்டுப் பாடுவார். அதில் முத்து வருமா என்பது எனக்கு நினைவில்லை. சனிக்கிழமை குறிகட்டுவானிலிருந்து படகில் போகிறேன். உங்கள் அம்மா பாடிய பதிவை எனக்கு அனுப்பிவையுங்கள், முதலில் அதைப் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டிவிட்டுப் பாடச் சொல்கிறேன். உங்கள் அம்மம்மாவின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். யாருடைய பாட்டு என்று பெரியம்மா கட்டாயம் கேட்பார்.